மை வரைந்த புருவம்: பயோட்டினிடேஸ் குறைபாடு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பெற்றோரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். குடும்பம் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கில் கை வைக்கவில்லை.

பெங்களூர் ஸ்ரீராமபுரத்துக் குடும்பம். தாத்தா காலத்தில் பின்னி மில் வேலைக்காக வட ஆற்காட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். அப்பா சொந்த ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா திருப்பத்தூர் பக்கம் பிறந்து வளர்ந்தவர். குழந்தை ஆண், இரண்டாவது. மூத்த பெண் குழந்தை எட்டாவது மாதத்தில் இறந்துவிட்டது. கேட்டதற்கு "நிமோனியா, கூடவே ஃபிட்ஸ்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. நானும் அதை ஒரே வரியில் எழுதிக்கொண்டேன். அந்த வரியில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும்.

முதல் தடவை என்னிடம் வந்தபோது குழந்தைக்கு நாலரை மாதம். வாயைச் சுற்றியும் இடுக்குகளிலும் சிவந்து தோல் உரிந்திருந்தது. கண்ணில் நீர் வடிந்தபடி இருந்தது. எடை பரவாயில்லை, சிரித்தான், கழுத்து நின்றிருந்தது. அடோபிக் டெர்மடைடிஸ், அதாவது ஒவ்வாமை வகைத் தோல் அழற்சி என்று எழுதி, களிம்பு கொடுத்து, சோப்பை மாற்றச் சொல்லி அனுப்பினேன். அன்று வெளிநோயாளர் வரிசையில் எழுபது பேர் என்பது உண்மைதான். ஆனால் வரிசையில் ஏழு பேர் இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். வாய் ஓரத்துப் புண்ணுடன் வரும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அதுதான் நோய்.

களிம்பு கேட்கவில்லை. ஆயா அது அக்கி என்று முடிவு செய்து, ஊரில் குயவரிடம் கொண்டுபோய்க் காவி எழுதிக்கொண்டு வந்தார். ஐந்தாவது மாதம் மேல்மலையனூரில் மொட்டை போட்டார்கள். அதற்கு இரண்டு வாரம் கழித்து முதல் வலிப்பு. வேறொரு மருத்துவமனையில் சேர்த்து ஃபீனோபார்பிட்டோன் தொடங்கினார்கள். அடங்கவில்லை. லெவெடிரசெட்டம் சேர்த்தார்கள். சில நாள் குறைந்து, திரும்ப வந்தது. மூன்றாவதாக வால்புரோயேட். இதற்கிடையே இ.இ.ஜி. எடுத்தார்கள், எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். தோலுக்குத் தனியாக ஒரு மருத்துவரைப் பார்த்தார்கள், அவர் பூஞ்சைத் தொற்று என்றார். கண்ணுக்கு வேறொருவர். எல்லாரும் தங்கள் பங்குக்குச் சரியாகத்தான் பார்த்தார்கள். ஒருவர் சீட்டை இன்னொருவர் படித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஏழாவது மாதம் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தபோது அவன் துணி மாதிரி துவண்டு கிடந்தான். நின்ற கழுத்து திரும்ப விழுந்திருந்தது. மூச்சு வேகவேகமாகவும் ஆழமாகவும் இருந்தது, நெஞ்சில் சளி இல்லை. ரத்தத்தின் பி.எச். 7.21, பைகார்பனேட் 11, லாக்டேட் என்ற அமிலக் கழிவு 7.8. அமோனியா லேசாக ஏறியிருந்தது. சிறுநீரில் கீட்டோன். சர்க்கரை சரியாக இருந்தது. இது நுரையீரலின் மூச்சு அல்ல. ரத்தத்தில் சேர்ந்த அமிலத்தை வெளியேற்ற உடம்பு தானே முயலும் மூச்சு.

வளர்சிதை மாற்ற நோயாக, அதாவது உணவை உடைத்துப் பயன்படுத்தும் உடம்பின் வேதிவேலையில் வரும் கோளாறாக இருக்கலாம் என்று அந்த இடத்திலேயே தோன்றியது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான நோய்கள் இருக்கின்றன. எதை முதலில் தேடுவது?

வழி காட்டியது ஒரு செவிலியர். இ.இ.ஜி. ஒட்டுகளை வைக்க நெற்றியை ஈரப்பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "டாக்டர், இங்க பாருங்களேன்" என்றார். பஞ்சு முழுக்கக் கறுப்பு. குழந்தையின் இடது புருவம் போயிருந்தது. வலது பக்கம் வில் மாதிரி அழகான புருவம், இடது பக்கம் வெறும் தோல். அம்மா தினமும் குளிப்பாட்டியதும் வரைந்துவிடும் மை அது. நம் வீட்டுக் குழந்தைகள் எல்லாருக்கும் வரைவதுதானே, யார் துடைத்துப் பார்க்கப்போகிறார்கள்? வலது பக்கத்தையும் துடைத்தோம். அங்கும் ஒரு முடி இல்லை. இமை முடியும் அங்கங்கேதான்.

தலை? மொட்டை போட்டு இரண்டு மாதம் ஆகியும் உள்ளங்கை மாதிரி வழவழவென்று இருந்தது. "மொட்டை போட்டதுங்க" என்று அப்பா சொன்னார். எங்கள் குறிப்பேட்டிலும் யாரோ அப்படியே எழுதியிருந்தார்கள். மழித்த முடி இரண்டு மாதத்தில் எவ்வளவு வளரும் என்று நம்மில் யாருக்குத் தெரியாது? கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமலே பதில் கிடைத்துவிட்டதால் எல்லாரும் தாண்டிப்போயிருந்தோம்.

வாயைச் சுற்றிப் புண், முடி இல்லை, மருந்துக்கு அடங்காத வலிப்பு, ரத்தத்தில் அமிலம். நான்கையும் ஒரே வரியில் எழுதினால் மருத்துவப் பட்ட மேற்படிப்பு மாணவர்கூட இரண்டு மூன்று பெயருக்குள் வந்துவிடுவார். துத்தநாகக் குறைபாட்டில் புண்ணும் முடி உதிர்வும் வரும், ஆனால் இந்த அமிலமும் வலிப்பும் பொருந்தாது. மிச்சமிருப்பது பயோட்டின் என்ற வைட்டமின்.

சந்தேகத்துக்கு இன்னொரு துணை அன்று மாலை ஆயாவிடமிருந்து கிடைத்தது. வம்சப் படம் வரைவதற்காக வராந்தாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். குழந்தையின் அம்மா தன் மாமியாரை "ஆயா" என்று கூப்பிட்டார். குழந்தைக்குச் சொல்லிக் காட்டுகிறார் என்று முதலில் நினைத்தேன். இல்லை, அவருக்கே அவர் ஆயாதான். கட்டியிருப்பது தாய்மாமனை. அதாவது மாமியார்தான் அவருடைய அம்மாவைப் பெற்ற பாட்டி. குழந்தைக்கு இந்த ஒரே மூதாட்டி அப்பாவின் அம்மாவும் ஆகிறார், அம்மாவின் பாட்டியும் ஆகிறார். படத்தில் அவரிடமிருந்து இரண்டு கோடு புறப்பட்டு, ஒன்று நேராகவும் இன்னொன்று ஒரு தலைமுறை சுற்றியும் வந்து இந்தக் குழந்தையிடம் சேருகின்றன.

மூத்தவளைப் பற்றி மறுபடி கேட்டேன். இந்தத் தடவை நிதானமாக. ஆயா சொன்னார்: "அதுக்கும் வாயெல்லாம் புண்ணுதான் டாக்டரம்மா. முடி கொட்டிப்போச்சு. பொட்டப்புள்ள, முடியில்லாம போச்சேன்னு நான்தான் அழுதேன்." அம்மா தன் கைபேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். பட்டுப்பாவாடை, நெற்றியில் பெரிய பொட்டு, தலையில் பூ ஒட்டிய ஒரு துணிப்பட்டை. புருவம் இரண்டும் மை.

மாதிரிகளை எடுத்து வைத்துவிட்டு, முடிவு வரும் வரை காத்திருக்காமல் அன்று இரவே பயோட்டின் தொடங்கினோம். ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம். வயதுவந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம்தான், அதைப் போல முந்நூறு மடங்குக்கும் மேல். ஆனாலும் அதிகமானது சிறுநீரில் போய்விடும் வைட்டமின் என்பதால் தொடங்கிப் பார்ப்பதில் பயம் ஒன்றும் இல்லை. எங்கள் மருந்தகத்தில் இருப்பு இல்லை. அப்பா வெளியே போய் வாங்கி வந்தார். கடைக்காரர் அவரைப் பார்த்து, "முடி கொட்டுதா சார்? மூணு மாசம் சாப்பிடுங்க, தெரியும்" என்றாராம். அவர் அதை என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிருக்குப் போராடும் குழந்தைக்கான மருந்து, முடி வளர்ச்சிக்கென்று ஷாம்பு பாட்டில்களுக்குப் பக்கத்தில் அடுக்கப்பட்டிருந்தது.

பொடித்து, நீரில் கலந்து, மூக்குக் குழாய் வழியே கொடுத்தோம். மறுநாள் காலை லாக்டேட் இறங்கத் தொடங்கியது. 36 மணி நேரத்தில் வலிப்பு நின்றது. மூன்று மருந்து அடக்காத வலிப்பு. நாலாம் நாள் அவன் அம்மாவின் தாலிச் சரட்டைப் பிடித்து இழுத்தான்.

நோயை உறுதி செய்த கதை இவ்வளவு சுத்தமாக இல்லை. பயோட்டினிடேஸ் என்ற நொதி ரத்த சீரத்தில் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்க வேண்டும். இந்த நொதி சூட்டுக்கு ஆகாது. அதனால் குழந்தையின் ரத்தத்தோடு அப்பா, அம்மா, உறவே இல்லாத நலமான ஒருவர் என்று நான்கு பேரின் மாதிரியையும் ஒரே பெட்டியில் அனுப்பச் சொல்வார்கள். உறவில்லாதவராக எங்கள் பயிற்சி மருத்துவர் ஒருவர் கை நீட்டினார். சனிக்கிழமை போன பெட்டி எங்கோ கிடங்கில் ஞாயிறு முழுக்கக் கிடந்து திங்கள் மதியம் சேர்ந்தது. முடிவில் குழந்தைக்குப் பூஜ்யம். நல்லது. ஆனால் பயிற்சி மருத்துவருக்கு இயல்பான அளவில் 35 சதவீதம்! அவரை ஒரு நாள் முழுக்க எல்லாரும் கேலி செய்தோம். ஐஸ் கட்டி உருகி எல்லார் நொதியும் வெந்துபோயிருந்தது என்பதுதான் விஷயம். அவருடைய மாதிரி கூடப் போகாமல் இருந்திருந்தால் அந்தப் பூஜ்யத்தை அப்படியே நம்பியிருப்போம். திரும்ப எடுத்தோம், செவ்வாய்க்கிழமை காலையில் அனுப்பினோம். பயோட்டின் கொடுத்துக்கொண்டிருப்பது இந்த அளவை மாற்றாது என்பது வசதி. குழந்தைக்கு 2 சதவீதம், அப்பாவுக்கு 46, அம்மாவுக்கு 51, பயிற்சி மருத்துவருக்கு 98. பயோட்டின் போதாதபோது தேங்கும் 3-ஹைட்ராக்சி ஐசோவாலரிக் அமிலம் சிறுநீரில் ஏறியிருந்தது. பிறகு வந்த மரபணு முடிவில், இந்த நொதிக்கான பி.டி.டி. மரபணுவின் இரண்டு பிரதியிலும் ஒரே பிழை.

பத்து சதவீதத்துக்குக் கீழே என்றால் கடுமையான குறைபாடு, பத்திலிருந்து முப்பது வரை பகுதிக் குறைபாடு என்று பிரிப்பார்கள். இரண்டையும் சேர்த்தால் உலக அளவில் சுமார் 60,000 பிறப்புக்கு ஒன்று.

வுல்ஃப் கண்டுபிடித்தது

இந்த நோய்க்கு முகவரி கொடுத்தவர் பாரி வுல்ஃப் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், மரபியல் ஆய்வாளர். அவருடைய கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குப் பிடித்தது, புதிர் எங்கே இருக்கிறது என்று அவர் தேடிய விதம்.

நம் உடம்பில் நான்கு கார்பாக்சிலேஸ் நொதிகளுக்குப் பயோட்டின் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் லாக்டேட் தேங்கும், சில அமினோ அமிலங்கள் பாதி வழியில் நின்று அமிலமாகச் சேரும், கொழுப்பு அமிலம் கட்டும் வேலையும் கெடும். இந்த நான்கும் ஒன்றாக முடங்கிய குழந்தைகளை 1970களிலிருந்தே மருத்துவர்கள் பார்த்துவந்தார்கள். பிறந்த சில நாளிலேயே விழும் குழந்தைகள் ஒரு வகை. அவர்களில் பயோட்டினை நொதியோடு ஒட்டும் வேலை கெட்டிருப்பது 1980களின் தொடக்கத்தில் தெரிந்துவிட்டது. சில மாதம் நன்றாக இருந்து பிறகு விழும் குழந்தைகள் இன்னொரு வகை, எங்கள் பையனைப் போல. இவர்களின் தோல் செல்லை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்தால் நான்கு நொதிகளும் ஜம்மென்று வேலை செய்தன! குழந்தை நோயாளி, குழந்தையின் செல்லுக்கு நோயே இல்லை.

காரணம், செல் வளர்க்கும் திரவத்தில் பயோட்டின் தாராளமாக இருந்தது. பிழை செல்லுக்குள் பயோட்டினைப் பயன்படுத்துவதில் இல்லை, பயோட்டின் செல்லுக்கு வந்து சேர்வதில் இருக்கிறது. குடலில் உறிஞ்சுவது கெட்டிருக்கலாம் என்று பலரும் நினைத்தார்கள். வுல்ஃபின் குழு சீரத்தை எடுத்து, உயிர்வேதியியலாளர்கள் ஏற்கெனவே அறிந்திருந்த, யாரும் பெரிதாகச் சட்டை செய்யாத பயோட்டினிடேஸை அளந்தது. ஏறக்குறைய இல்லவே இல்லை. 1983இல் அந்த முடிவு வெளியானது.

இந்த நொதியின் வேலையைக் குடும்பத்துக்கு விளக்க நான் கோலி சோடாவைப் பயன்படுத்தினேன். கடைக்காரர் காலி பாட்டிலைத் திரும்ப வாங்கிக் கழுவி மறுபடி நிரப்புவார். அதனால் கொஞ்சம் பாட்டிலை வைத்துக்கொண்டே வருஷம் முழுக்க வியாபாரம் ஓடும். பயோட்டினும் அப்படித்தான். வேலை முடிந்த நொதி உடையும்போது, அதன் புரதத் துண்டோடு ஒட்டியிருக்கும் பயோட்டினைக் கத்தரித்து மீட்பது பயோட்டினிடேஸ். சாப்பாட்டில் புரதத்தோடு பிணைந்து வரும் பயோட்டினை விடுவிப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. பாட்டில் திரும்பி வராத கடையில் என்ன ஆகும்? கையிருப்பு தீரும் வரை ஓடும். அம்மாவின் வயிற்றில் இருந்தபோது வந்த கையிருப்புதான் குழந்தையை முதல் சில மாதங்கள் காப்பாற்றுகிறது. மாத்திரை என்பது தினமும் புது பாட்டில் வாங்கிப் போடுவது. அப்பா உடனே கேட்டார்: "அப்போ ஒரு நாள்கூட லீவு கிடையாது, சரிதானே டாக்டர்?" சரிதான். ஆயுள் முழுக்க.

வுல்ஃப் கட்டுரையோடு நிற்கவில்லை. பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்து வடிதாளில் உலர்த்திய ஒரு சொட்டு ரத்தத்தில் இதை நிறம் பார்த்தே கண்டுபிடிக்கும் சோதனையை அவர் குழு உருவாக்கியது. நொதி இருந்தால் ஊதா வரும், இல்லாவிட்டால் வைக்கோல் நிறத்திலேயே நிற்கும். 1984 ஜனவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் அந்தச் சோதனையைப் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் செய்யத் தொடங்கியது. கட்டுரை வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கலாம். ஆய்வகத்திலிருந்து தொட்டிலுக்கு இவ்வளவு சீக்கிரம் வந்த கண்டுபிடிப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

நம் ஊரில் இன்னும் அது நாடு முழுக்கக் கட்டாயம் இல்லை. பெங்களூரின் தனியார் மருத்துவமனைகளில் விருப்பம் இருந்தால் பணம் கட்டிச் செய்துகொள்ளலாம். இத்தனைக்கும் பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் மரபு நோய்களைத் தேடும் வேலை இந்த நகரத்துக்குப் புதிதே அல்ல. இந்திய அறிவியல் கழகத்தின் அப்பாஜி ராவும் அவரோடு இருந்தவர்களும் 1980களிலேயே கர்நாடகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் ரத்தத்தை அமினோ அமிலக் கோளாறுகளுக்காகச் சோதித்தார்கள். அந்த வேலையோடு சேர்ந்துதான் ஆலன் பிட்டில்ஸ் என்ற மரபியலாளரின் சொந்தத்துக்குள் திருமணம் பற்றிய ஆய்வுகளும் நடந்தன. பெங்களூர், மைசூர் பிரசவ மருத்துவமனைகளில் கேட்டுப் பார்த்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு திருமணம் சொந்தத்துக்குள். மாமன் மகள், அத்தை மகன் மட்டுமல்ல, தாய்மாமனைக் கட்டியவர்களும் நிறைய.

இங்கே ஒரு விஷயத்தை விலாவாரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை மருத்துவர்களே தப்பாகச் சொல்கிறோம். தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் பிறக்கும் குழந்தையின் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு, இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையாக இருக்க வாய்ப்பு. அத்தை, மாமன் பிள்ளைகளுக்குள் என்றால் பதினாறில் ஒன்று. மறைந்திருக்கும் பிழை ஒன்று இரண்டு பக்கமும் சேர்வது இதனால் கூடும். அது உண்மை. ஆனால் இப்படிப்பட்ட திருமணங்களில் பெரும்பாலானவற்றில் நலமான குழந்தைகளே பிறக்கின்றன. பிட்டில்ஸும் ஜேம்ஸ் நீல் என்ற இன்னொரு மரபியலாளரும் 1994இல் பல நாட்டு விவரங்களைத் தொகுத்தபோது, அத்தை, மாமன் பிள்ளைகளுக்குள் நடந்த திருமணங்களில் குழந்தை இறப்பு மற்றவர்களைவிட 4.4 சதவீதப் புள்ளிதான் கூடுதல் என்று கணக்கிட்டார்கள். பிட்டில்ஸின் பிந்தைய கணக்கு 3.5க்கு இறங்கியது. தாய்மாமன் கல்யாணத்தில் சொந்தம் இன்னும் நெருக்கம், அதற்கேற்ப ஆபத்தும் கூடும். இருந்தாலும் "சொந்தத்துல கட்டினீங்க, அதான்" என்று வராந்தாவில் நின்று சொல்லிவிட்டுப் போகும் மருத்துவர், ஒரு குடும்பத்தின் தலையில் பாவத்தை ஏற்றிவிட்டுப் போகிறார். இந்தக் குடும்பத்துக்கும் அது ஏற்கெனவே நடந்திருந்தது. மூத்தவளை ஏதோ நோய் என்று கொண்டு போனவர்கள் இப்படியான ஒரு வாக்கியத்தோடு திரும்பினார்கள். நோயின் பெயர் கிடைக்கவில்லை, பழி மட்டும் கிடைத்தது. பெயர் தெரியாததால் இரண்டாவது குழந்தை பிறந்தபோது யாரும் எதையும் தேடவில்லை.

ஆயா ஒரு நாள் தனியாக வந்து கேட்டார். "எங்கிட்ட இருந்தா வந்துச்சு டாக்டரம்மா? இல்ல அந்த மனுசன்கிட்ட இருந்தா?" அந்த மனுசன் இறந்து பத்து வருஷம். ஆயாவின் ரத்தத்தைச் சோதித்தால் பதில் தெரிந்துவிடும். பயிற்சி மருத்துவருக்கு ஆர்வம். நான் வேண்டாம் என்றேன். அந்தப் பதிலால் சிகிச்சையில் ஒரு துளியும் மாறாது. ஆயாவின் மிச்ச நாட்கள் மட்டும் மாறும். அதற்குப் பதிலாக, கல்யாணம் பேசிக்கொண்டிருந்த அம்மாவின் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் சோதித்துப் பார்க்கலாம் என்றேன். பார்த்தார்கள். அங்கே இருவருக்கும் சேர்ந்து பிழை இல்லை.

அம்மா கேட்டது வேறு கேள்வி. "அப்போ மூத்தவளுக்கும் இந்த மாத்திரையக் குடுத்திருந்தா?" அவளுடைய ரத்தமோ செல்லோ எதுவும் மிச்சமில்லை, அதனால் ஆவணத்தில் அது என்றும் சந்தேகம்தான். ஆவணத்தில் எழுதுவது வேறு. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குப் பொய் சொல்ல முடியவில்லை. "இருந்திருக்கலாம்மா" என்றேன். அவர் அழவில்லை. பையனின் மருந்துச் சீட்டை நான்காக மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பாதது

தோல் மூன்று வாரத்தில் ஆறியது. மூன்றாவது மாதம் தலையில் பூனை முடி, ஆறாவது மாதம் சீப்பு வைக்குமளவுக்கு. வலிப்பு மருந்துகளை ஒவ்வொன்றாக நிறுத்தினோம். ஒன்றரை வயதில் நடந்தான். பார்வை நரம்பு லேசாக வெளிறியிருந்தது, அதற்கு மேல் கெடவில்லை.

கேட்பது திரும்பவில்லை. சத்தத்துக்குக் கேட்பு நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் அசைவை அளக்கும் பெரா சோதனையில் இரண்டு காதிலும் நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் இடைப்பட்ட குறை. கடுமையான குறைபாட்டோடு அறிகுறி வரும் வரை சிகிச்சை கிடைக்காத குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்குக் கேட்புக் குறை இருக்கிறது என்பது வுல்ஃப் திரும்பத் திரும்ப எழுதியது. வந்த பிறகு மாத்திரையால் அது பெரும்பாலும் மீள்வதில்லை, மேற்கொண்டு கெடாமல் நிற்கும். எட்டாவது மாதமே கருவி பொருத்தினோம். ஆட்டோ ஹாரனுக்குத் திரும்புவான், பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். நாலரை மாதத்தில் நான் எழுதிய களிம்புச் சீட்டை இன்னும் அவன் கோப்பில் வைத்திருக்கிறேன். அன்று அவன் காது எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது, நான் பார்க்கவில்லை.

இரண்டு குறுக்குச் சம்பவங்கள். ஒரு வயதில் பையன் இளைத்திருக்கிறான் என்று ஆயா தினமும் காலையில் ஒரு நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். வாய் ஓரம் மறுபடி சிவந்தபோதுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பச்சை முட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடின் என்ற புரதம் பயோட்டினைப் பிடித்துக்கொண்டு விடாது. பயோட்டின் கண்டுபிடிக்கப்பட்டதே இப்படித்தான். 1920களில் பச்சை வெள்ளைக்கரு தின்ற எலிகளுக்குத் தோல் வெந்து முடி கொட்டியது. அதைத் தடுத்த பொருளுக்கு வைட்டமின் எச் என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மன் மொழியில் தோலுக்கும் முடிக்கும் எச் எழுத்தில் தொடங்கும் சொற்கள். பெயரிலேயே எங்கள் பையனின் இரண்டு தடயமும் இருந்திருக்கின்றன. ஆயாவிடம் முட்டையை நிறுத்தச் சொல்லவில்லை, வேகவைக்கச் சொன்னேன். வெந்தால் அவிடின் பிடியை விட்டுவிடும்.

இரண்டாவது இன்னும் மோசமாகப் போயிருக்கும். இரண்டு வயதில் எடை கூடவில்லை என்று வேறொரு இடத்தில் தைராய்டு பார்த்தார்கள். தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். அதலபாதாளத்தில், தைராய்டு சுரக்கும் தைராக்ஸின் உச்சத்தில். தைராய்டு அதிகம் சுரக்கிறது, மருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். குழந்தையைப் பார்த்தால் அப்படி ஓர் அறிகுறியும் இல்லை. நாடித் துடிப்பு சாதாரணம், கை நடுங்கவில்லை, மதியம் இரண்டு மணி நேரம் தூங்குகிறான். விஷயம் என்னவென்றால், பல தைராய்டு சோதனைகளில் ரசாயனத்தைப் பிடித்து நிறுத்தும் பசையே பயோட்டினும், அதை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும்தான். ரத்தத்திலேயே பயோட்டின் வழிந்தால் பசை ஏமாந்துவிடும். ஒரு வகைச் சோதனையில் அளவு பொய்யாகக் குறையும், இன்னொரு வகையில் பொய்யாகக் கூடும், இரண்டும் சேர்ந்து அச்சு அசலாகத் தைராய்டு நோய் மாதிரியே தெரியும். ஜெர்மனியில் இப்படி ஏமாற்றப்பட்ட ஆறு குழந்தைகளைப் பற்றி 2016இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தைப் படித்திருந்ததால் தப்பித்தோம். பயோட்டினைப் பயன்படுத்தாத முறையில் திரும்பச் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. அன்றிலிருந்து அவன் கோப்பின் அட்டையில் அம்மா கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்: "ரத்தம் எடுக்கும் முன் படிக்கவும். பையன் பயோட்டின் சாப்பிடுகிறான்." கன்னடத்திலும் கீழே ஒரு வரி, அது அப்பாவின் எழுத்து.

தங்கை

பையனுக்கு மூன்று வயதாகும்போது அம்மா மறுபடி கருவுற்றார். நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்று முன்பே பேசியிருந்தோம். கருவிலேயே சோதிக்கலாம் என்பதையும் சொன்னேன். அவர்கள் வேண்டாம் என்றார்கள், எனக்கும் அது நியாயமாகவே பட்டது. முதல் நாளிலிருந்து மாத்திரை கொடுத்தால் வராத நோய் இது. பிறந்த அன்றே ரத்தம் எடுத்தோம், பயிற்சி மருத்துவர் மறுபடி கை நீட்டினார். இந்தத் தடவை பெட்டியை அப்பாவே ஆட்டோவில் வைத்து ஆய்வகத்தின் சேகரிப்பு மையம் வரை கொண்டுபோய்க் கொடுத்தார். மழை, மெஜஸ்டிக் பக்கம் நெரிசல், இருந்தும் ஐஸ் உருகுவதற்குள். முடிவு வரும் முன்பே மாத்திரை தொடங்கிவிட்டோம். பெண் குழந்தை. நொதி 2 சதவீதம். மரபணுவில் அண்ணனுக்கு இருந்த அதே பிழை, இரண்டு பிரதியிலும்.

இப்போது அவளுக்கு இரண்டு வயது. தோலில் ஒரு தடிப்பு வந்ததில்லை, வலிப்பு வந்ததில்லை, காது இரண்டும் சரி. அடுத்த அறையில் மிட்டாய்க் காகிதம் பிரிக்கும் சத்தத்துக்கு எழுந்து ஓடுவாள். அண்ணனுக்கு அது கேட்காததால், இவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். அண்ணனுக்கும் தங்கைக்கும் மரபணு ஒன்று, நொதி ஒன்று, வீடு ஒன்று, மாத்திரையும் ஒன்று. நடுவில் ஏழு மாதம் மட்டும் வேறு.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை இருவரையும் கூட்டி வருகிறார்கள். தலை நிறைய முடியோடு வந்தாலும் தங்கைக்கு அம்மா இன்னும் புருவத்தில் மை வரைந்துதான் கொண்டு வருகிறார். எடை, உயரம் பார்ப்பதற்கு முன்பே நான் ஒரு பஞ்சை நனைத்து இடது புருவத்தின் ஓரத்தைத் துடைத்துப் பார்ப்பேன். கீழே முடி இருக்கிறது. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு என் கையைத் தட்டிவிடுவாள். "கொஞ்ச நேரம் முன்னாடிதான் வரைஞ்சேன் டாக்டர்" என்று சலித்துக்கொண்டே அம்மா கைப்பையிலிருந்து மை டப்பியை எடுப்பார்.